செடி எடுத்துக் கொடுப்பவள்

ஜனவரி 19, ஞாயிறு

மத்தியானம் தயாபரன் போன் செய்தான். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பராயிற்றே என்று எடுத்துத் தொலைத்தேன்.

“யமுனா, நான்தான். என்ன, நம்பரை அழிச்சிட்டியா?”

அழித்துப் பல வருஷம் ஆகிறது. குரலைத்தான் அழிக்க முடியவில்லை. “சொல்லுங்க” என்றேன். நேரில் அவன் எனக்கு எப்போதும் ‘நீங்க’தான். கல்லூரியில் இரண்டு வருஷம் சீனியர் என்று ஆரம்பித்த மரியாதை, கம்பெனியில் ஆளுக்குப் பாதி என்று ஆனபிறகும் போகவில்லை. அவன் என்னை நீ, வா, போ. இந்த டைரியிலாவது அவன் ‘அவன்’ ஆக இருக்கட்டும்.

உப்பங்கழிக் கரையில் வீடு கட்டுகிறானாம். எங்கள் பாய்மரப் படகு கிளப்புக்கு நேர் எதிர்க்கரை. படகுத்துறையில் நின்றால் அந்த நீலக்கரை வில்லா வரிசை முழுக்கத் தெரியும். தினமும் பார்க்கிற இடம்தான், அதில் ஒன்று அவனுடையது என்று தெரியாமல் போய்விட்டது.

“வீட்டை நான் பாத்துக்கறேன். தோட்டம் நீதான் போடணும். கடைசிக் காலத்துல உக்காரப் போற இடம் யமுனா. வேற யாரைக் கூப்பிடுவேன் நான்?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பொரியலில் உப்பை இரண்டு முறை போட்டிருக்கிறேன். கொட்ட வேண்டியதாயிற்று.

ஜனவரி 20, திங்கள்

வயிறு எரிகிறது. எழுதினால் ஆறுமா பார்க்கலாம்.

நாங்கள் சேர்ந்து நடத்திய தோட்டம் அமைக்கும் கம்பெனியில் கல், தண்ணீர், வாடிக்கையாளர் எல்லாம் அவன் பொறுப்பு. மண், மரம், வரைபடம் எல்லாம் நான். அவனுக்கு மரம் தெரியாது. வேம்பையும் மலைவேம்பையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் முழிப்பான். “அங்க ஒரு பச்சை வேணும் யமுனா” என்பான். நான் வைப்பேன்.

ஏரிப் பூங்காவுக்கு மூன்று வருஷம் உழைத்தேன். ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக் கிடந்த கரை அது. வாசலில் நின்றால் ஏரி தெரியாதபடி மண்மேடு போட்டு மறைத்தேன். புன்னை நிழலில் நடந்து போகவேண்டும். பாதை வளைகிற இடத்தில் மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாக எதிரே வந்து நிற்கும். அங்கே வந்ததும் ஜனங்கள் பேச்சை நிறுத்துவார்கள். அதற்காகத்தான் அந்த வளைவைப் போட்டேன்.

பூங்கா திறந்து சில மாசம் கழித்து எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எனக்குத் தெரியாமல் அவன் பூங்காவைத் தன் பேரில் மட்டும் விருதுக்கு அனுப்பியிருந்தான், நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மேடையேறி வாங்கியும் விட்டான். டி.வி.யில் பேட்டி எடுத்த பெண், உங்களுடன் யார் யார் வேலை செய்தார்கள் என்று கேட்டாள். “யமுனான்னு ஒருத்தர். செடி எடுத்துக் கொடுப்பாங்க” என்றான். எனக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ், “உங்க பேரும் யமுனாதானே மேடம்?” என்று கேட்டாள்.

படகிலும் அதே கதைதான். இரண்டு பேர் ஓட்டும் படகு. சுக்கான் அவன் கையில். நான் முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயின் கயிற்றை இழுப்பவள். போட்டியில் ஜெயித்தால் கோப்பையில் அவன் பேர் முதலில் இருக்கும். கம்பெனியை விட்டு வெளியே வந்த வாரமே ஒருவர் மட்டும் ஓட்டும் சிறுபடகு ஒன்றை வாங்கினேன். அதில் இன்னொருவருக்கு இடமே கிடையாது.

எழுதியும் ஆறவில்லை.

ஜனவரி 22, புதன்

ஒத்துக்கொண்டேன். “சரி, செடி எடுத்துக் கொடுக்கறேன்” என்றேன். சிரித்தான். அவனுக்கு அது ஞாபகமே இல்லை.

பிப்ரவரி 8, சனி

மனையைப் பார்க்கப் போனேன். அவன் இளைத்திருக்கிறான். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி வளையம் மாதிரி நிற்கிறது. அவன் மனைவி சுலோச்சனாவைப் பார்த்தும் வெகுநாள் ஆயிற்று. பாதி கட்டிய சமையலறையில் ஸ்டவ் வைத்து எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான், அப்படியும் சட்டையில் சிந்திக்கொண்டான். சுலோச்சனா துடைத்துவிட்டாள். மகாராஜாவுக்கு ஊட்டிவிடவும் ஆள் வைக்கவேண்டும் போலிருக்கிறது.

மனை கிழக்கே தண்ணீரைப் பார்த்திருக்கிறது. படுக்கையறை வடகிழக்கு மூலையில். “காலைல எந்திரிச்சதும் கழி தெரியணும், அதான்” என்றான். நான் அந்த மூலையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தேன். எங்கள் கிளப் கொடி பறந்தது. காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று படகு ஓட்டுகிறவர்கள் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. உடம்பே சொல்லிவிடும்.

திரும்பி வரும் வழியில்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது. எங்கள் ஆபீஸில் யாரும் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது. மல்லிகை வாசனை பட்டாலே தயாபரனுக்குத் தலை வெடித்துவிடும், மேஜையில் கவிழ்ந்து படுத்துவிடுவான். ரிசப்ஷனில் இருந்த பெண் தலைப்பூவை எடுத்து வாசல் குரோட்டன்ஸ் மேல் வைத்துவிட்டு உள்ளே வருவாள், சாயங்காலம் வாடினதை எடுத்துக்கொண்டு போவாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஏழிலைப்பாலை.

வேறு எதுவும் தோன்றவேயில்லை. ஊரில் பேய்மரம் என்பார்கள், ஆனால் அழகான மரம். அடுக்கடுக்காகக் கிளை, காம்பைச் சுற்றி விரிந்த இலை, நேரான தண்டு. நல்ல நிழல் தரும். ஐப்பசி கார்த்திகையில் பூக்கும், பொழுது சாய்ந்ததும் வாசனையை அவிழ்த்துவிடும். தூரத்திலிருந்து ஒரு மரம் என்றால் மனசு கிறங்கும். பக்கத்தில் ஏழெட்டு நின்றால் தொண்டையை அடைக்கும், தலை பாரமாகும். ஐப்பசி கார்த்திகையில்தான் வாடைக் காற்றும். வடகிழக்கிலிருந்து நாள் முழுக்க ஒரே சீராக வீசும். வடகிழக்கு மூலையில் மரம், அதன் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் கட்டில், கட்டிலில் தயாபரன்.

ஆயுளுக்கும் ஒவ்வொரு வருஷமும் இரண்டு மாசம். அவனைக் கொல்லாது. சும்மா படுத்தும். என்னைப் படுத்தியதும் அப்படித்தான்.

மரம் தெரியாதவனுக்கு மரம் வைப்பதில் இருக்கிற சௌகரியமே தனி. மாவு மில்லுக்குப் போகவேண்டும். கோதுமை இரண்டு நாளாக ஊறாமல் கிடக்கிறது. கோதுமையை எதற்கு ஊறவைப்பது? என்னென்னவோ எழுதுகிறேன்.

மார்ச் 14, வெள்ளி

தோட்டம் சுமாராக இருந்தால் அவன் மாற்றிவிடுவான், மரங்களும் போய்விடும். ஆகவே தோட்டம் நன்றாக அமைந்தே தீரவேண்டும். அதனால்தான் இத்தனை மெனக்கெடுகிறேன். வேறொன்றும் இல்லை.

ஆறு தடவை வரைந்து கிழித்துவிட்டேன். இன்று வந்துவிட்டது. வீட்டு வாசலிலிருந்து தண்ணீரை மறைத்தேன். சின்ன மனைதான், ஆனாலும் மண்ணை இடுப்பளவு உயர்த்தி, புன்னைகளுக்கு நடுவில் பாதையை இழுத்து, ஒரே ஒரு வளைவு. திரும்பினால் கழி. ஏரிப் பூங்காவில் நூறு தப்படியில் செய்ததை இங்கே பத்தே தப்படியில் செய்திருக்கிறேன். அங்கே இருந்த ஒரு தப்பும் இங்கே இல்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதில் விழும்படி கரையோரக் கற்களைத் தாழ்த்தினேன். தாழம்புதரை வலது பக்கம் ஒதுக்கினேன், சூரியன் வரும் பக்கத்தை விட்டுவிட்டேன்.

பென்சிலை வைத்தபோது மணி மூன்று. மத்தியானச் சாப்பாடு மறந்தேபோய்விட்டது. இத்தனை நாளில் நான் போட்டதிலேயே இதுதான் ஒசத்தி. போயும் போயும் அவனுக்கு.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜன்னல்தான் பெரிய பாடாக இருந்தது. படுக்கையறைக்கு ஏசி போட்டு கண்ணாடியை மூடிவிட்டால் என் மரங்கள் யாருக்குப் பூப்பது?

“ஏசி எதுக்கு? வாடைக் காத்தை உங்க கட்டில் வரைக்கும் நான் கொண்டாந்து விடறேன். படகுல உக்காந்த மாதிரி இருக்கும்” என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “நான் படகேறி வருஷக்கணக்காச்சு யமுனா. கை சரியில்லை. அந்தக் காத்தாவது வரட்டும்” என்றான். அப்போதே எஞ்சினியரைக் கூப்பிட்டு, வடகிழக்குச் சுவர் முழுக்க மரச்சட்டம் போட்ட திறந்த ஜன்னல் என்று மாற்றச் சொன்னான். சொல்லும்போது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதற்கு அப்படி உட்காருகிறானோ.

கூலி எதுவும் வேண்டாம் என்றேன். பழைய சிநேகிதத்துக்காக என்றேன். அதையும் நம்பினான்.

ஜூன் 30, திங்கள்

மரங்கள் ஆந்திரா நர்சரியிலிருந்து வந்தன. பெரிய சாக்குப் பையில் வளர்ந்தவை, இரண்டாள் உயரம், ஏற்கெனவே பூத்துப் பழகியவை. கிரேன் வைத்து இறக்கினோம். ஏழு.

கடைசி மரத்துக்கு மண் தள்ளிக்கொண்டிருந்தபோது சுலோச்சனா வந்தாள். ஒரு இலைக்கொத்தை எடுத்து விரலால் எண்ணினாள்.

“இது பாலைதானே? ஏழிலைப்பாலை?”

 பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா” என்றேன்.

ஜன்னலைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எங்க பெரியம்மா வீட்டுக் கொல்லைல ஒண்ணு நின்னுது” என்றாள். பிறகு, “காபி போடறேன், கையைக் கழுவிட்டு வாங்க” என்று உள்ளே போய்விட்டாள். காபியில் சர்க்கரை சரியாக இருந்தது. அவள் யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஏழும் வேர் பிடித்துவிட்டன. கிளப் போட்டியில் நான் இரண்டாவது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேப்பரின் ஞாயிறு இணைப்பில் நடுப்பக்கம் முழுக்க அவன் தோட்டம். பாதை வளைகிற இடத்தில் அவனை நிற்கவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவைக்கிறேன். “ஒவ்வொரு மரமும் நானே யோசித்து, காற்று வரும் திசை பார்த்து வைத்தது” என்கிறான். “தண்ணீரை மறைத்துக் காட்டுவது என்னுடைய பாணி. ஏரிப் பூங்காவிலும் அதைத்தான் செய்தேன்.” கடைசி வரியில்: “என் பழைய சகா யமுனா செடி எடுத்துக் கொடுத்தார்.”

மறுபடியும் அதே வார்த்தை! மனப்பாடம் செய்துவைத்திருக்கிறான் போல. கொஞ்ச நாளாக எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது, இளைத்துப்போன மனுஷன் ஆயிற்றே என்று. அது இன்றோடு போயிற்று. பூக்கட்டும்.

அக்டோபர் 22, புதன்

பூத்துவிட்டது.

விடிகாலையில் படகை இறக்கினேன். மழை விட்டிருந்தது. விடியும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் தரைக்காற்று மேற்கிலிருந்து வரும். அது எதிர்க்கரையைத் தடவிக்கொண்டு தண்ணீர் மேல் வந்தது, என் மூக்கில் ஏறியது. பாயை விட்டுவிட்டு அப்படியே மிதந்தேன். நான் வைத்த வாசனை. அழுதேன் என்று எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? சந்தோஷத்தில்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

சாயங்காலம் முழுக்க அவன் வீட்டுக்கு எதிரே குறுக்கும் நெடுக்கும் போய்வந்தேன். வாடை நன்றாகப் பிடித்துவிட்டது. என் முதுகைத் தாண்டி நேராக அவன் ஜன்னலுக்குள் போகிறது. வாசனை எனக்கு வராது, அவனுக்கு மட்டும்தான். ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருக்கின்றன. விளக்கு போட்டு உள்ளே உட்கார்ந்து டி.வி. பார்க்கிறான்.

அக்டோபர் 30, வியாழன்

இன்றும் திறந்தே இருக்கிறது. என்ன மனுஷன் இவன்?

நவம்பர் 2, ஞாயிறு

பொறுக்க முடியாமல் நேரிலேயே போய்விட்டேன். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், பூவெல்லாம் தலையிலும் தோளிலும் உதிர்ந்து கிடந்தது. எனக்கே இரண்டு நிமிஷத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது.

“பூத்திருக்கு பாத்தியா? வாசனை இருக்கா யமுனா இதுக்கு?”

“ஏன், உங்களுக்குத் தெரியலையா?”

“எனக்கு மூக்கு செத்து நாலு வருஷமாச்சு. ரசம் கொதிக்குதா, கேஸ் கசியுதான்னே தெரியாது. சொல்லேன், எப்படி இருக்கு?”

கன்னத்தில் அறை வாங்கின மாதிரி ஆகிவிட்டது. சொல்லட்டுமா? இத்தனை மாசம், இத்தனை வேலை, கிரேன், ஜன்னல். “பிரமாதமா ஒண்ணும் இல்லை” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சுலோச்சனா வாசல் வரை வந்து நின்றாள். நெற்றியில் தைலம் பளபளத்தது.

நவம்பர் 6, வியாழன்

அவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வில்லாக்காரர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்! காலனிச் செயலாளர் அருமைநாயகம் எனக்கே போன் செய்தார். பேங்கில் இருந்து ஓய்வுபெற்றவர், நிதானமாகப் பேசுகிறவர்.

“மேடம், பேப்பர்ல உங்க பேரைப் பார்த்தேன். அந்த மரங்கள்னால இங்க ஒருத்தரும் தூங்க முடியலை. என் பேத்திக்கு இழுப்பு வந்து ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ஞாயித்துக்கிழமை மீட்டிங் வச்சிருக்கோம். விஷயம் தெரிஞ்சவங்கன்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்.”

காற்று அவன் கட்டிலோடு நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறேன். பாய்மரம் பிடிக்கிறவள், இது தெரியாமல் போயிற்று எனக்கு. ஒரு ஜன்னல் வழியாக நுழைந்தது இன்னொரு ஜன்னல் வழியாக வெளியே போகாதா? அந்தக் குழந்தைக்கு எத்தனை வயசு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு மரத்தையும் தானே திசை பார்த்து வைத்ததாக ஊருக்கெல்லாம் சொன்னவன் அவன்தானே.

நவம்பர் 9, ஞாயிறு

கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு போனேன். காலனி ஹாலில் நாற்பது பேர் இருக்கும். எல்லோரும் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தயாபரன் முதல் வரிசையில், கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு. சுலோச்சனா பக்கத்தில்.

பேப்பரைக் கொண்டுவந்திருந்தார் ஒருவர். உரக்க வாசித்தார். “காற்று வரும் திசை பார்த்து வைத்தது” என்று வாசித்ததும் ஹாலே சிரித்தது.

“திசை பாத்துதான் வச்சிருக்கார்யா. நேரா நம்ம வீட்டுக்கு!”

“விருது வாங்கினவராம். பேய்மரத்தைக் காத்துக்கு முன்னாடி வைக்கக்கூடாதுன்னு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும் சார்.”

அவன் காது சிவந்தது. இதைப் பார்க்கத்தானே வந்தேன். ஒவ்வொரு சிரிப்பும் எனக்கு விருந்து மாதிரி இருந்தது, இன்னும் இரண்டு பேர் சிரிக்கமாட்டார்களா என்றிருந்தது.

அப்போது அவன் எழுந்தான். எழுந்து நிற்பதற்கு சுலோச்சனாவின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“பேப்பர்ல நான் சொன்னது பொய்” என்றான். “இந்தத் தோட்டம் நான் போட்டது இல்லை. மேடு, பாதை, மரம், மொத்தமும் யமுனா போட்டது. ஏரிப் பூங்காவும் அவ போட்டதுதான். நான் ஒரு செடிகூட எடுத்துக் கொடுக்கலை.”

 நாற்பது தலையும் என் பக்கம் திரும்பின. அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றி, “அப்படியா மேடம்? இதை வச்சது நீங்களா?” என்று கேட்டார்.

எத்தனை வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அதைக் கொண்டுவந்து போட்ட இடத்தைப் பார். தப்பு வெளியே வந்தபிறகு, பழியைத் தூக்கி என் மடியில் போடுவதற்கு மட்டும் என் பேர் அவனுக்கு ஞாபகம் வருகிறது. எனக்கு அப்படித்தான் பட்டது.  ஆனால் குரல் அழகாக வந்தது.

“சார் பெருந்தன்மையா சொல்றார்” என்றேன். “தோட்டம் அவரோடதுதான். ஏரிப் பூங்காவும் அவரோடதுதான். பேப்பர்லயே வந்திருக்கே. நான் செடி எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான்.”

அவன் என்னைப் பார்த்தான். அன்று டி.வி.யில் சொன்னது இப்போது ஞாபகம் வந்துவிட்டது அவனுக்கு. முகத்தில் தெரிந்தது. மெதுவாக உட்கார்ந்தான். பின்வரிசையில் யாரோ, “வயசான காலத்துல ஒரு பொம்பளை மேல பழி போடறார் பாரு” என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மோர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டேன். ஜெயித்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

“ஏரிப் பூங்காவும்” என்று சொன்னான். அதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. யாரும் கேட்கவில்லையே.

நவம்பர் 29, சனி

அனுமதி வாங்கி இன்று மரங்களை அறுத்தார்கள். கிளப் படகுத்துறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகச் சாய்ந்தது, சத்தம் தண்ணீரைத் தாண்டிக் கொஞ்சம் தாமதமாக வந்தது. வேரோடு பெயர்த்து வேறு எங்காவது வைத்திருக்கலாம். வேர் பிடித்த மரம், பிழைத்திருக்கும். ஒரு போன் செய்திருந்தால் நான் ஏற்பாடு செய்திருப்பேன். எதற்குச் செய்வார்கள், நான் யார்?

நாலு மணிக்கு சுலோச்சனா கிளப்புக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. படகுத்துறைப் பலகையில் செருப்பைக் கழற்றிவிட்டு, பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“அருமைநாயகம் பேத்திக்குச் சரியாயிடுச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு.”

“சந்தோஷம்.”

“அவருக்கு நடுக்கு வாதம். கை நடுங்கறதுக்கு முன்னாடியே மூக்குதான் முதல்ல போச்சு. டாக்டர் சொன்னப்புறம்தான் எங்களுக்கே புரிஞ்சுது. இப்ப ராத்திரி புரண்டு படுக்கறதுக்கும் நான்தான்.”

நான் கயிற்றைச் சுற்றினேன். இரண்டு கையால் பிடித்த டம்ளரும் தொடைக்கு அடியில் இருந்த கையும் ஞாபகம் வந்தன. எல்லாம் என் கண்முன்னால்தான் இருந்தது.

“நீங்க மரம் வச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றாள். “அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் தெரியும், மூக்கு இல்லையே. தலைவலி எனக்குத்தான், அதை நான் தாங்கிப்பேன். உங்களுக்காவது மனசு ஆறட்டும்னுதான் வாயைத் திறக்கலை.”

“ஊர்க்காரங்க திட்டினாங்கன்னுதானே அன்னிக்கு அப்படிச் சொன்னார்?” என்றேன். அதை எப்படியும் கேட்டுவிட வேண்டும்போல இருந்தது.

“மரத்தை வச்சது நீங்கன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். பூங்காவை ஏன் சொல்லணும்? மீட்டிங்குக்கு முதல் நாளே என்கிட்ட சொல்லிட்டார், நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னு. நாப்பது பேர் இருக்கிற இடமாப் பாத்துச் சொல்லணும்னார்.” செருப்பை மாட்டிக்கொண்டாள். “நான் அவருக்குக் காபி எடுத்துக் கொடுக்கறவ. எனக்கு உங்க வேலையெல்லாம் தெரியாது. ஆறிச்சா யமுனா உங்களுக்கு? அதைக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

 கயிற்று முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டேன். தலையெடுத்துப் பார்த்தபோது அவள் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 3, புதன்

நல்ல காற்று. படகை எடுக்கவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

பால் பாக்கெட் வரவில்லை. கடைக்குப் போய் வாங்கிவந்தேன். பத்து மணிக்கு ஒரு போன். கட்டடக்கலைக் கல்லூரியில் படிக்கிற பெண், குரல் சின்னதாக இருந்தது.

“மேடம், பொங்கல் முடிஞ்சதும் எங்க வகுப்பு தயாபரன் சாரோட ஏரிப் பூங்காவையும் அவர் வீட்டுத் தோட்டத்தையும் பாக்கப் போறோம். சாருக்கு உடம்பு முடியலையாம், பேச வர மாட்டாராம். ரெண்டுக்குமே நீங்கதான் செடி எடுத்துக் கொடுத்தீங்கன்னு சொன்னாங்க. வந்து செடிகளைப் பத்தி எங்களுக்குப் பத்து நிமிஷம் பேச முடியுமா?”

“யாரும்மா சொன்னது அப்படி?”

“நீங்களேதான் சொன்னீங்களாம் மேடம். ஏதோ மீட்டிங்ல. எங்க புரொஃபசர் அந்தக் காலனிலதான் இருக்கார்.”

 பத்து நிமிஷம் போதுமா என்று கேட்டேன்.

“போதும் மேடம். பாதை வளையற இடம் இருக்கில்ல, திரும்பினதும் தண்ணி தெரியுமே. அதைப் பத்தி எங்க புரொஃபசரே ஒரு மணி நேரம் பேசப் போறார். அது தயாபரன் சாரோட பாணியாமே?”

“ஆமாம்மா” என்றேன். “அவரோடதுதான்.”